முழு எண்ணில் ஒரு தப்பு

“மெஷின் தப்புப் பண்ணா சில்லறையில பண்ணும். முழு நம்பர்ல தப்புப் பண்றவன் மனுசன்தான்.”

இது நான் சொன்னது. எங்கள் ஒர்க்‌ஷாப்பில் யாராவது ஒரு துண்டைக் கெடுத்துவிட்டால் பக்கத்தில் நிற்பவன் இன்றும் இதைச் சொல்லிக் காட்டுவான். புதிதாக வந்தவர்களுக்கு இதன் சொந்தக்காரன் யாரென்று தெரியாது. தெரிந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

வரிச்சிக்குடிப் பக்கம் வயலை ஒட்டி இருக்கிறது ஒர்க்‌ஷாப். பம்புகளுக்கும் வால்வுகளுக்கும் வேண்டிய வார்ப்பிரும்புத் துண்டுகள் இங்கே வரும். அவற்றை மில்லிங் மெஷினில் மட்டம் வெட்டி, ஓட்டை போட்டு அனுப்புவோம். நான் மெயின்டனன்ஸ். அதற்கு முன் எங்கள் ஊர் பட்டினச்சேரியில் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக்காக இருந்தேன். கடலில் நின்றுபோன இன்ஜினை அலையில் ஆடிக்கொண்டே ஓட வைத்தவன் என்ற திமிர் எனக்கு உண்டு. தரையில் ஆடாமல் நிற்கிற மெஷின் எனக்கு எம்மாத்திரம் என்று நினைத்துக்கொண்டுதான் இங்கே வந்து சேர்ந்தேன்.

இங்கிருக்கும் பெரிய மெஷின் கம்ப்யூட்டர் வைத்தது. காலையில் அதை ஆன் செய்தால், தான் எங்கே நிற்கிறோம் என்று அதற்கே தெரியாது. டேபிளை ஓர் ஓரத்துக்கு ஓட்டி அங்கிருக்கும் சுவிட்சைத் தொடவிட வேண்டும். ஹோம் எடுப்பது என்போம். சுவிட்ச் காட்டுகிற இடம்தான் பூஜ்யம், மற்ற அளவெல்லாம் அங்கிருந்துதான். இந்த சுவிட்ச் தீப்பெட்டி அளவுதான் இருக்கும். அதன் வெளியே உளுந்து அளவுக்கு ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்கும். டேபிள் வந்து அழுத்தினால் முனை உள்ளே போகும், டேபிள் விலகினால் வெளியே வரும். அவ்வளவுதான் அதன் வேலை. அதில் ஒரு மயிரிழை பிசகினால் மெஷின் மொத்தமும் பிசகும்.

அந்த வருஷம் அடைமழை ஓய்ந்ததும் அந்த மாதிரி சுவிட்சுகள் வரிசையாக இருக்கும் பெட்டியின் மூடியைக் கழற்றினேன். உப்புக்காற்று உள்ளே புகுந்து முனைகளைச் சுற்றி லேசாகத் துரு பூத்திருந்தது. கடற்கரைக்காரனுக்குத் துருவைக் கண்டால் கை கிரீஸ் டப்பாவைத்தான் தேடும். படகில் கண்ணுக்குத் தெரியாத இரும்பு எதுவானாலும் இரண்டு விரல் கிரீஸை அள்ளி அப்பிவிடுவோம். அது எங்கள் துறையில் சோறு தின்கிற மாதிரிப் பழகிப்போன காரியம். மறுநாள் வீட்டிலிருந்து படகுக்குப் போடும் நீல கிரீஸைக் கொண்டுவந்து, சுவிட்ச் முனைகளைத் துடைத்து, சுற்றிலும் நிறைய அப்பி மூடியை மாட்டினேன். மெஷினோடு வந்த புத்தகம் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் பீரோ மேல் கிடந்தது. மேனேஜர் வந்து பார்த்து, “நீ இருக்கிற வரைக்கும் எனக்குக் கவலையில்லப்பா” என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அந்த மெஷினை ஆறு வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தவர் காரைக்கால் டவுனைச் சேர்ந்த ஒரு பாய். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். இப்போது எழுதும்போது அவர் என்று மரியாதையாக வருகிறது. எதிரே நின்ற நாளில் நீ, வா, போதான். அவர் என்னை அண்ணே என்று கூப்பிடுவார். அதிர்ந்து பேசமாட்டார். வேலை முடிந்ததும் மெஷினைத் துடைத்துவிட்டுத்தான் முகம் கழுவப் போவார்.

அவருடைய அண்ணன்கள், மச்சான்கள் எல்லாருமே சபுர் என்று வெளிநாடு போய் கத்தாரிலும் துபாயிலும் சம்பாதிக்கிறவர்கள். தெருவில் இவர் ஒருவர்தான் டிபன் கேரியரை மாட்டிக்கொண்டு உள்ளூர் வேலைக்குப் போகிற ஆண்பிள்ளை. “மாப்புள்ளைக்கு எப்ப சபுரு?” என்று மாமனார் வீட்டில் கேட்டுக் கேட்டு அந்த வீட்டு விசேஷங்களுக்குப் போவதையே குறைத்துக்கொண்டவர். கடைசியில் அதற்கும் ஒரு வழி பிறந்தது. கத்தாரில் மச்சான் இருக்கும் கம்பெனியில் மில்லிங் ஆபரேட்டர் வேலை. ஆறு வருஷம் இந்த மெஷினை ஓட்டினார், நல்ல வேலைக்காரர் என்று எங்கள் மேனேஜர் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். பொங்கலுக்குள் அதை அனுப்பியாக வேண்டும். “துஆ செய்ங்க அண்ணே” என்று என்னிடமும் சொன்னார். நான் பிரியாணிக்கு நாள் குறித்தேன்.

மார்கழியில் ஒரு காலை. ஷிப்ட் தொடங்கிய கால் மணி நேரத்தில் டமார் என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், வெட்ட வேண்டிய துண்டை விட்டுவிட்டு அதைப் பிடித்திருந்த வைஸில் கட்டர் இறங்கியிருந்தது. கட்டர் மூன்று துண்டாகக் கிடந்தது. அளந்து பார்த்தோம். டேபிள் பத்து மில்லிமீட்டர் தள்ளி நின்றது. ஒன்பதே முக்காலும் இல்லை, பத்தே காலும் இல்லை. சொல்லிவைத்த மாதிரி பத்து.

“முப்பத்திரெண்டுன்னு அடிக்கிறதுக்கு நாப்பத்திரெண்டுன்னு அடிச்சிருக்கே” என்றார் மேனேஜர்.

“இல்லங்க சார். பாருங்க, ஸ்கிரீன்ல முப்பத்திரெண்டுதான் இருக்கு.”

“இடிச்சதும் மாத்தியிருப்பே.”

ஆறு வருஷத்தில் அவரை யாரும் பொய்யன் என்று சொன்னதில்லை. எட்டு நாள் கழித்து அதே போல் ஒரு காலை, அதே பத்து. இந்த முறை கட்டர் தப்பித்தது, அனுப்பத் தயாராக இருந்த பம்ப் உடம்பு ஒன்று பாழானது. அன்றிலிருந்து அவருக்குப் பத்து பாய் என்று பெயர் விழுந்தது. அவர் தலையைக் கண்டாலே ஒருவன் “மணி பத்தாச்சா?” என்பான். சாப்பாட்டு நேரத்தில் அவர் டிபனைத் திறந்தால் இன்னொருவன் “பத்து இடியாப்பமா பாய்?” என்பான். பெயர் வைத்தவன் நான் இல்லை. ஆனால் அதை அதிகம் கூப்பிட்டவன் நான்தான்.

பாய் என்னிடம் தனியாக வந்தார். “அண்ணே, எனக்கு சுவிட்ச் மேலதான் சந்தேகமா இருக்கு. காலைல மொத தடவ ஹோம் எடுக்கறப்பதான் இப்புடி ஆவுது. ஒருக்க மூடியக் கழட்டிப் பாருங்களேன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கையால் சுத்தம் செய்து, கிரீஸ் போட்டு, மேனேஜர் வாயால் பாராட்டு வாங்கிய வேலை அது. “நா போன மாசந்தான் பாத்தேன். ஒன் வேலய நீ ஒழுங்காப் பாரு, என் வேலய எனக்குச் சொல்லித் தராத” என்றேன். நாலு பேர் காதில் விழுகிற மாதிரிதான் சொன்னேன்.

அவர் மேனேஜரிடமும் சொல்லியிருக்கிறார். மேனேஜர் அதை ஒரு வேடிக்கை ஆக்கினார். அன்று மதியம் மூன்று மணிக்கு எல்லாரையும் மெஷினைச் சுற்றி நிற்கவைத்து, டேபிளில் டயல் கேஜ் மாட்டச் சொன்னார். ஒரு மயிரிழை நகர்ந்தாலும் அதன் முள் காட்டிக்கொடுத்துவிடும். பாயைப் பத்து தடவை ஹோம் எடுக்கச் சொன்னார். பத்து என்றதுமே சிரிப்பு எழுந்தது. ஒவ்வொரு தடவையும் டேபிள் போய்த் தொட்டுத் திரும்பியது. ஒவ்வொரு தடவையும் முள் அதே இடத்தில் வந்து நின்றது. பத்தாவது தடவை கூட்டமே சேர்ந்து எண்ணியது.

“சார், காலைல வந்து பாருங்க சார். காலைலதான்...” என்றார் பாய்.

“ஏம்ப்பா, மெஷினுக்குக் காலைல ஒரு புத்தி, சாயங்காலம் ஒரு புத்தியா?”

அப்போதுதான் நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். மெஷின் சில்லறையில் தப்பும், முழு எண்ணில் தப்புகிறவன் மனிதன் என்று. ஒர்க்‌ஷாப் கூரை அதிர ஒரு சிரிப்பு. பாயின் கண்ணில் தண்ணீர் கோத்து நின்றதைப் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். எனக்குப் பாவமாக இல்லை, சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தமே இல்லை.

மறுநாள் காலை நான் வருவதற்கு முன்பே பாய் கேட்டில் நின்றிருந்தார். சட்டையெல்லாம் பனி ஈரம். “அண்ணே, ஒரே ஒரு நிமிசம் வாங்க” என்று மெஷினிடம் கூட்டிப்போனார். முந்தைய நாள் சாயங்காலம் டேபிள் ஹோமில் நின்றபோது, டேபிளிலும் அதற்குக் கீழே இருக்கும் இரும்பிலும் சேர்ந்தாற்போல் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறார். இப்போது மெஷினை ஆன் செய்து முதல் ஹோம் எடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறார். மேல் கோடும் கீழ்க் கோடும் ஒன்று சேர வேண்டும். சேராவிட்டால் குற்றம் சுவிட்சில். சின்னப் பிள்ளைக்கும் புரிகிற சோதனை. எனக்கும் புரிந்தது.

நான் கோட்டைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று பார்க்கவில்லை. ஜன்னலில் கிடந்த பனியன் வேஸ்ட் துணியை எடுத்து, தின்னரில் நனைத்து, மேலும் கீழும் ஒரே இழுப்பில் துடைத்தேன். “மெஷின்ல கிறுக்குற வேலயெல்லாம் வச்சுக்காத” என்றேன்.

பாய் என் கையைப் பிடிக்க வந்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். “அண்ணே, அது தள்ளி இருந்துச்சுண்ணே” என்றார். “நீங்க பாத்தீங்கல்ல?”

“நா ஒண்ணும் பாக்கல.”

அதிலாவது நான் பொய் சொல்லவில்லை.

அன்று மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். பாய்க்கு லெட்டர் கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. மெஷினில் கோளாறு என்றால் நல்லபடியாக எழுதிக் கொடுத்துவிடலாம், ஆள் மேல் தப்பு என்றால் உள்ளதைத்தான் எழுத முடியும், நீ ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போடு என்றார். மூடியைக் கழற்ற நாலு திருகாணி. ஐந்து நிமிஷம்கூட ஆகாது. நான் கழற்றவில்லை. ‘சுவிட்சுகள் பார்க்கப்பட்டன. மெஷின் நல்ல நிலையில் உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

லெட்டர் வந்தது. ஆறு வருஷம் வேலை பார்த்தார் என்று ஒரு வரி. கவனக் குறைவால் இரண்டு முறை சேதம் ஏற்படுத்தினார் என்று அடுத்த வரி. பாய் ஆபீஸ் வாசலில் நின்று அதைப் படித்தார். இரண்டாவது வரிக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு மடித்து மேனேஜர் மேஜை மேலேயே வைத்துவிட்டு வந்தார். தன் மெஷினைத் துடைத்தார். முகம் கழுவினார். அதற்குப் பிறகு அவர் வேலைக்கு வரவில்லை. அந்த கத்தார் வேலை மச்சானுக்குத் தெரிந்த வேறு யாருக்கோ போனதாகக் கேள்விப்பட்டேன்.

அவர் இடத்துக்கு நாகப்பட்டினத்திலிருந்து டிப்ளமா படித்த ஒருவர் வந்தார். மாசிப் பனி இன்னும் விட்டிருக்கவில்லை. ஒரு காலை அவர் ஹோம் எடுத்து வேலையைத் தொடங்க, அதே டமார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அளக்காமலே எனக்குத் தெரிந்தது. அளந்தும் பார்த்தோம். பத்து.

எல்லாரையும் டீ குடிக்க அனுப்பிவிட்டு மூடியைக் கழற்றினேன்.

நான் அப்பிய நீல கிரீஸ் நீலமாக இல்லை. வெட்டும்போது பறக்கிற இரும்புத்தூளும், மேலே ஊற்றுகிற எண்ணெய்த் தண்ணீரும் அதில் ஒட்டி ஊறி, காலைக் குளிரில் கறுத்த களியாக இறுகியிருந்தது. அந்தக் களிக்குள் சுவிட்சின் முனை புதைந்து கிடந்தது. விரலால் அழுத்தினேன், போனது. விட்டேன். வெளியே வரவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருக்க, தூக்கத்திலிருந்து எழுகிறவன் மாதிரி மெல்ல மெல்ல வந்தது. மூன்று நாலு தடவை அழுத்தி விட்டதும் கிரீஸ் இளகி, டக் டக்கென்று ஒழுங்காக வர ஆரம்பித்தது. மதியம் மூன்று மணிக்கு வந்த மாதிரியே.

முனை வெளியே வந்த பிறகு டேபிளை ஓட்டும் திருகு அந்தச் சுற்றை எங்கே முடிக்கிறதோ, அந்த இடத்தைத்தான் மெஷின் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். முனை வரத் தாமதித்தால் அந்தச் சுற்றைத் தவறவிட்டு அடுத்த சுற்றில் போய் நிற்கும். ஒரு சுற்றுக்கு டேபிள் எவ்வளவு நகரும் என்பது அந்த மெஷினைத் தொடுகிற எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பத்து மில்லிமீட்டர். இந்த மெஷின் இந்த இடத்தில் தப்பினால் முழு எண்ணில்தான் தப்பும்.

பீரோ மேலிருந்த புத்தகத்தின் உறையை அன்றைக்குத்தான் பிரித்தேன். சுவிட்சைப் பஞ்சு பறக்காத துணியால் துடைக்க வேண்டும், கிரீஸ் போடக் கூடாது என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தது. களியைச் சுரண்டி எடுத்தேன். முனையைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் என் கிரீஸில் ஊதிப்போய்ப் பிடித்திருந்தது. இனி அது உதவாது. ஸ்டோரிலிருந்து புது சுவிட்ச் எடுத்து மாட்டி, வயரை இணைத்து, பழைய களியெல்லாம் துடைத்த துணிகளைக் குப்பை எரிக்கும் குழியில் நானே போய்ப் போட்டேன். டீ குடிக்கப் போனவர்கள் திரும்புவதற்குள் மூடி மாட்டியாகிவிட்டது. அவ்வளவு வேகமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

மேனேஜர் வந்தார். “என்னாச்சு?”

“சுவிட்ச் ஆயுசு முடிஞ்சிபோச்சு சார். மாத்திட்டேன்.”

“அப்ப பாய் சொன்னது?”

“அது வேற சார்” என்றேன்.

அவர் மேலே கேட்கவில்லை. கேட்டால் அந்த லெட்டரில் போட்ட தன் கையெழுத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டு பேருக்கும் அந்த ‘வேற’ போதுமானதாக இருந்தது. இரண்டு முறை பாய் வீட்டுத் தெரு முனைவரை வண்டியில் போனேன். இரண்டு முறையும் அங்கே ஒரு கடையில் எதையாவது வாங்கிக்கொண்டு திரும்பினேன். பயம்தான், வேறென்ன.

போன வருஷம் எங்கள் வீட்டு பாத்ரூம் மரக்கதவு அடியில் இற்றுப்போயிற்று. கோவில்பத்தில் இருக்கும் அலுமினியக் கடைக்குப் போன் செய்தேன், அளவெடுக்க ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். வந்து இறங்கியவர் பாய். தாடியில் நரை விழுந்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, “அண்ணே, ஒங்க வீடா இது?” என்றார்.

டேப்பை வைத்து அகலத்தை அளந்தார். நோட்டில் எழுதினார். மறுபடி அளந்தார். எழுதியதன் மேல் விரலை வைத்துக்கொண்டு மூன்றாம் தடவை அளந்தார். காப்பி கொண்டுவந்த என் மனைவி, “என்னாங்க பாய், வாசப்படி என்ன வளந்துகிட்டா இருக்கு?” என்று சிரித்தாள்.

“கடையிலயும் திட்டுறாங்க அக்கா, ஒரு கதவுக்கு இவ்ளோ நேரமான்னு” என்றார். பிறகு டேப்பை என்னிடம் நீட்டினார். “அண்ணே, நீங்க ஒருக்க படிச்சுச் சொல்லிடுங்க. என் கண்ண நா நம்புறதில்ல.”

படித்தேன். எழுபத்தைந்து சென்டிமீட்டர், மூன்று மில்லி. அவர் எழுதி வைத்திருந்ததும் அதேதான்.

நோட்டை மூடிவிட்டு அவர் சொன்னார்: “மெஷின் சில்லறையில தப்பும், முழு நம்பர்ல தப்புறவன் மனுசன்னு சொன்னீங்கள்ல. யோசிச்சு யோசிச்சுப் பாத்தேண்ணே. எப்புடிப் பாத்தாலும் அதான் சரியா வருது. அன்னிக்கு நாந்தான் தப்பா அடிச்சிருப்பேன். அந்தக் கோடுகூட தள்ளி இருந்த மாதிரி எனக்குத் தோணியிருக்கும், அவ்ளதான்.” காப்பி டம்ளரைக் கையில் வைத்து உருட்டினார். “மூடியக் கழட்டிப் பாக்கலேன்னு ஒங்க மேல ரொம்ப நாளா கோவமா இருந்தேன். ஒங்களப் பத்தி வீட்லயும் ஏதேதோ பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க. மன்னிச்சிடுங்கண்ணே.”

தப்பு உன்னுடையதில்லை, என் கிரீஸுடையது என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையில் இந்த ஆளுக்கு அவர் கண்ணும் கையும் திரும்பக் கிடைத்திருக்கும். மனைவி பக்கத்தில் நின்றாள். அவள் முன்னால் நான் யார் என்பது உடைந்துபோகும்.

“அட, பரவால்ல பாய், விடு” என்றேன். “அதெல்லாம் நா எப்பவோ மறந்துட்டேன்.”

அவர் நிம்மதியாகச் சிரித்தார். நாலு நாளில் கதவு வந்தது. எங்கும் உரசவில்லை, எங்கும் சந்து விடவில்லை. தினமும் காலையில் அதைத் திறந்து மூடுகிறேன்.